உங்களுக்குத் தெரியுமா? ஆர்கானிக் வேறு, உயிரியல் வேறு!

தோவாளைச் சந்தையில் பிச்சி வாங்குகிறீர்கள். கடைக்காரர் "இது ஆர்கானிக் பூ" என்கிறார். பக்கத்துக் கடையில் "உயிர் உரம் போட்டு வளர்த்தது" என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? இல்லை.

● பிச்சித் தோட்டத்தில் போடும் யூரியாவும் ஆர்கானிக்தான்! ஆனால் வேதியியல் வாத்தியாருக்கு மட்டும். கார்பன் சேர்மங்களைப் பற்றிய பாடம்தானே ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, அதாவது கரிம வேதியியல்? அந்தக் கணக்கில் காசர்கோட்டை உலுக்கிய பூச்சிக்கொல்லி எண்டோசல்ஃபானும் கரிமச் சேர்மமே. ஆர்கானிக் விவசாயத்திலோ இரண்டுக்கும் இடமில்லை.

● ஒரு காலத்தில் இந்தச் சொற்கள் ஒட்டித்தான் இருந்தன. கரிமப் பொருள்களை உயிருள்ளவை மட்டுமே உண்டாக்க முடியும் என்று நம்பினார்கள். 1828இல் ஜெர்மானியர் வோலர், சிறுநீரகத்தின் உதவியில்லாமல் ஆய்வுக்கூடத்திலேயே யூரியாவைத் தயாரித்துவிட்டார். அன்றிலிருந்து வேதியியலில் ஆர்கானிக் தனிவழி போனது.

● 'ஆர்கானிக் விவசாயம்' என்ற பெயர் வந்தது 1940இல், இங்கிலாந்தின் நார்த்போர்ன் பிரபு எழுதிய நூலிலிருந்து. அவர் கார்பனை நினைக்கவில்லை. மண், பயிர், மாடு, மனிதர் எல்லாம் சேர்ந்த பண்ணை முழுவதும் ஒரே உயிருடல் என்பது அவர் கருத்து.

● தோவாளைப் பூ ஓணத்துக்குப் போய்ச்சேரும் கேரளத்தில் இதே விவசாயத்துக்கு 'ஜைவ கிருஷி' என்று பெயர். ஜீவனிலிருந்து வந்த சொல். இந்தியில் 'ஜைவிக்'. ஜெர்மனி, பிரான்ஸ் கடைகளில் 'பயோ' என்றே ஒட்டியிருக்கும். இதற்கு இடும் உரத்தை இலங்கைத் தமிழர் 'சேதனப் பசளை' என்பார்கள். தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் 'அங்ககம்', 'உயிர்மம்' இரண்டும் புழங்குகின்றன. நாமோ 'இயற்கை விவசாயம்' என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம். குழப்பம் வராமல் என்ன செய்யும்?

● அசோஸ்பைரில்லம், ரைசோபியம், சூடோமோனாஸ் எல்லாம் உயிருள்ள நுண்ணுயிர்கள். இவற்றை இடுவது உயிரியல் முறை. ஆனால் காலையில் அசோஸ்பைரில்லம், மாலையில் யூரியா என்றால் அந்தத் தோட்டம் ஆர்கானிக் ஆகாது.

● 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மரச்சீனியையும் மல்பெரியையும் பிடித்தது. மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கடுகளவுகூட இல்லாத ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பூச்சி ஒடுங்கியது. இது சுத்தமான உயிரியல் கட்டுப்பாடு. பயன்பெற்றவர்களில் ரசாயன உரம் போட்டவர்களும் உண்டு. குளவி சான்றிதழ் கேட்பதில்லை!

● இன்னும் வேடிக்கை பி.டி. சங்கதி. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவைப் பயிரில் தெளித்தால் ஆர்கானிக் விதிகள் அனுமதிக்கும். அதே பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்திக்குள் வைத்தால், அதுதான் பி.டி. பருத்தி, கூடவே கூடாது. இரண்டுமே உயிரியல்தான். எது ஆர்கானிக் என்று தீர்மானிப்பது விதிப்புத்தகம்.

● 2025இல் புவிசார் குறியீடு பெற்ற தோவாளை மாணிக்கமாலையில் அரளிப்பூ உண்டு. அரளிக்கு உரமே போடாவிட்டாலும் அதன் இலை, பூ, வேர் எல்லாம் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. அந்த நஞ்சும் கரிமச் சேர்மம். செடி தானே உண்டாக்கியது. மாலை சாமிக்கும் கழுத்துக்கும்தான். பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

● நம் நாட்டு ஆர்கானிக் விதிப்படி பிச்சி போன்ற பல்லாண்டுப் பயிருக்கு மாற்றக் காலமே 3 ஆண்டுகள். போன மாதம் உரத்தை நிறுத்தியவர் இந்த மாதம் ஆர்கானிக் ஆக முடியாது. உணவுப் பொருள் வாங்கும்போது பாக்கெட்டில் 'ஆர்கானிக்' என்ற எழுத்தை மட்டும் பார்க்காமல் அரசு அங்கீகரித்த ஆர்கானிக் முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.