எந்த ஊர் மணி?

"குழந்தை எத்தனை மணிக்குப் பிறந்தது?" என்று எங்கள் பாகூர் ஜோசியர் போனில் கேட்டார்.

"ராத்திரி இரண்டு நாற்பதுக்கு" என்றார் எங்கள் மாப்பிள்ளை.

"எந்த இரண்டு நாற்பது? அன்னிக்கு ராத்திரி இரண்டு நாற்பது இரண்டு தடவை வந்ததே!" என்றாள் கட்டிலில் படுத்திருந்த என் மகள்.

வேடிக்கை இல்லை சகோதரிகளே. ஒரே இரவில் ஒரே மணி இரண்டு தடவை வந்தது நிஜம். அது புரியாமல் போனால் குழந்தையின் ஜாதகம் மட்டுமல்ல, நாம் விழுங்கும் மாத்திரைகூடத் தப்பாகிவிடும். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் பாகூர், வில்லியனூர்ப் பக்கத்தில் பிரான்சில் சொந்தம் உள்ள வீடுகள் பல உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தாக்களின் வாரிசுகள், 1962-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பத்தார் என்று பலர் அங்கே இருக்கிறார்கள். என் மகளையும் அப்படிப்பட்ட ஒரு வீட்டில்தான் கொடுத்திருக்கிறோம். 2022 அக்டோபரில் அவள் தலைப்பிரசவத்துக்காக நான் பாரிசுக்குக் கிளம்பினேன். அதற்குமுன் நான் பார்த்த தூரதேசம் சென்னைதான்!

எனக்குச் சர்க்கரை வியாதி. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை. விமானத்தில் என் பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரம் ராத்திரி எட்டரை காட்டியது. சாப்பாடும் வந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். பிறகு பாரிசில் இறங்கி மகள் வீட்டுக்குப் போனால், அங்கே சுவர்க் கடிகாரத்தில் ராத்திரி ஒன்பது. "சாப்பிடும்மா" என்று தட்டை வைத்தாள். ராத்திரிச் சாப்பாடு என்றால் ராத்திரி மாத்திரை உண்டே என்று இன்னொன்றை விழுங்கினேன். ஊர்க் கணக்குப்படி அப்போது நள்ளிரவு பன்னிரண்டரை. நாலு மணி நேரத்துக்குள் இரண்டு மாத்திரை!

நடுச்சாமத்தில் உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. கை கால் நடுக்கம், கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைத்தாய்ச்சி மகள் அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்துவந்து சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள். பிரசவம் பார்க்கப் போனவளுக்கு அவள் பண்டிதம் பார்க்கும்படி ஆயிற்று. மறுநாள் நம்மூர் டாக்டரை மாப்பிள்ளை போனில் பிடித்தார். "கடிகார முள்ளைப் பார்க்காதீங்கம்மா. போன மாத்திரை போட்டு எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு பாருங்க" என்றார் டாக்டர். நான் கிளம்புவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய விஷயம்!

இந்த மணி வித்தியாசம் ஏன் வருகிறது? நம் பெரியவர்கள் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணினார்கள். 24 நிமிஷம் ஒரு நாழிகை, இரண்டரை நாழிகை ஒரு மணி. அந்தந்த ஊர்ச் சூரியன்தான் அந்தந்த ஊர்க் கடிகாரம். பூமி ஒரு சுற்று சுற்ற 24 மணி நேரம். ஆகவே 15 பாகைக்கு ஒரு மணி, ஒரு பாகைக்கு 4 நிமிஷம். மேற்கே போகப் போகச் சூரியன் தாமதமாக உதிக்கும்.

ரயில் வந்த பிறகு ஊருக்கு ஒரு மணி சரிப்பட்டு வரவில்லை. 1906-ல் அலகாபாத், மிர்சாப்பூர்ப் பக்கமாகச் செல்லும் 82½ பாகை கீழ்த் தீர்க்க ரேகையை வைத்து இந்திய நேரத்தை வகுத்தார்கள். அதற்குமுன் ரயில்களுக்குச் சென்னை நேரம்தான். அது இப்போதைய மணிக்குச் சுமார் 9 நிமிஷம் பின்தங்கியது. நாம் அந்த ரேகைக்கு மேற்கே இருப்பதால், பாகூரில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பன்னிரண்டு மணிக்குப் பத்து, பதினோரு நிமிஷம் கழித்துத்தான். கடிகாரத்தில் உள்ளது மனிதர் வகுத்த மணி. இது மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

மனிதர் வகுத்தது என்பதால் மனிதரே மாற்றவும் செய்கிறார்கள். நம் நாட்டிலேயே இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். சிங்கப்பூர் 1982-ல் அரை மணி முன்னே போயிற்று. பிரான்சிலோ ஆண்டுக்கு இரண்டு தடவை மாற்றுகிறார்கள். பெட்ரோல் நெருக்கடிக்குப் பிறகு 1976-ல், சாயங்கால வெளிச்சத்தை உபயோகித்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இதை மறுபடி கொண்டுவந்தார்கள். மார்ச் கடைசி ஞாயிறு விடியற்காலை இரண்டு மணியை மூன்று ஆக்குவார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு மூன்று மணியை மறுபடி இரண்டு ஆக்குவார்கள். இரண்டு தடவையும் நம் ஊரில் அப்போது காலை ஆறரை. நாம் கோலம் போட்டு முடித்துக் காபி கலக்கும் நேரம்! கோடையில் பிரான்ஸ் நம்மைவிட மூன்றரை மணி பின்னால், குளிர்காலத்தில் நாலரை மணி பின்னால்.

அந்த மாத்திரைக் கலாட்டாவுக்குப் பிறகு நான் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். சாப்பாடு, மாத்திரைக்குச் சுவர்க் கடிகாரம். கையில் கட்டியிருப்பது ஊர் மணி, அதைத் திருப்புவதில்லை. "ஏன் அத்தை, பாரிசில இருந்துக்கிட்டு பாகூர் மணி பார்க்கறீங்க?" என்று மாப்பிள்ளை கேலி செய்வார். ஊரில் தனியாக இருக்கும் எங்க வீட்டுக்காரர் சாப்பிட்டாரா, மாட்டைப் பிடித்துக் கட்டினாரா என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

தீபாவளி கழிந்த ஆறாம் நாள், அக்டோபர் 30, ஞாயிறு. நடுராத்திரி வலி கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாப்பிள்ளையை உள்ளே விட்டார்கள். நான் நடையில் உட்கார்ந்து மூலநாதரை வேண்டிக்கொண்டிருந்தேன். குழந்தை வீரிட்டு அழும் சத்தம் கேட்டது. பழக்கதோஷத்தில் கையைத் திருப்பிப் பார்த்தேன். ஏழு பத்து. உடனே வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டுப் பேத்தி பிறந்த சேதியைச் சொன்னேன்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் 2-40 என்று மட்டும் இருந்தது. அன்றுதான் கடிகாரத்தைப் பின்னால் திருப்பிய ராத்திரி. முதல் 2-40 என்றால் நமக்குக் காலை 6-10. இரண்டாவது 2-40 என்றால் 7-10. லக்கினம் சுமார் இரண்டு மணிக்கு ஒரு தடவை மாறுவது. ஒரு மணி பிசகினால் லக்கினமே மாறிவிடலாம். மாப்பிள்ளையோ, "போன் தானா மாறிடும் அத்தை, நான் கவனிக்கலையே" என்று விழித்தார். நான் கையை நீட்டினேன். "ஏழு பத்து. இரண்டாவது இரண்டு நாற்பதுதான்!" அங்கே ஊரில் எங்க வீட்டுக்காரரும் தம் போனைப் பார்த்து, "நீ கூப்பிட்டது ஏழே கால்" என்றார். ஜோசியருக்கும் திருப்தி. கேலி செய்த மாப்பிள்ளை அதற்கப்புறம் என் கடிகாரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை!

வெளிநாடு போகும் சகோதரிகளுக்கும், அங்கே பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கும் சில யோசனைகள்:

1. கிளம்பும் முன்பே மாத்திரை நேரத்தை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது கட்டாயம். மேற்கே போனால் அன்றைய நாள் நீளும், கிழக்கே வந்தால் குறுகும். அளவை நாமாக மாற்றக் கூடாது. மருந்தைக் கைப்பையிலேயே வையுங்கள். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பினால் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம்.

2. டிக்கெட்டில் புறப்படும் மணி புறப்படுகிற ஊருடையது. சேரும் மணி சேருகிற ஊருடையது. 30-ஆம் தேதி 00-30 என்று போட்டிருந்தால் 29-ஆம் தேதி ராத்திரியே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

3. துபாயும் ரீயூனியன் தீவும் நமக்கு ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். இந்த ஊர்களில் வருஷம் பூராவும் ஒரே கணக்கு. லண்டனுக்குக் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி பின்னால். சிட்னியில் நமக்கு நேர்மாறாக அக்டோபர் முதல் ஏப்ரல் வரை கோடை. அப்போது ஐந்தரை மணி முன்னால், மற்ற நாளில் நாலரை.

4. போன் தானாக மாறிக்கொள்ளும். அடுப்படிக் கடிகாரமும் கைக்கடிகாரமும் மாறாது. மாற்றுகிற ஞாயிற்றுக்கிழமைகளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

5. பிறப்போ வேறு முக்கியச் சேதியோ, மணியோடு "எந்த ஊர் மணி" என்றும் சேர்த்து எழுதுங்கள். நம் பஞ்சாங்கத்தில் திதி, நட்சத்திரம் முடியும் நேரம் இந்திய மணியில் இருப்பதால், அங்குள்ள பிள்ளைகள் திவசத்துக்கு நாள் பார்க்கும்போதும் இது உதவும்.

பேத்திக்கு இப்போது வாய் ஓயாத பேச்சு. "பாட்டி, அங்க என்ன மணி?" என்பதுதான் போனில் அவளுடைய முதல் கேள்வி. அவளுக்காக எங்கள் கூடத்தில் இரண்டாவது கடிகாரம் ஒன்று மாட்டியிருக்கிறோம். கீழே "பேத்தி மணி" என்று வீட்டுக்காரர் எழுதி ஒட்டியிருக்கிறார். மார்ச்சிலும் அக்டோபரிலும் அதைத் திருப்பி வைப்பது என் வேலை.