ஏ9 வீதியில் ஒரு லீக்: யாரைச் சேர்ப்பது?

2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி வவுனியா வளாகம் வவுனியாப் பல்கலைக்கழகமானது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளையாக இருந்த பம்பைமடு வளாகம் அன்றோடு தனிக்குடித்தனம் போனது. பட்டம், பீடம், ஆளணி என்று பேசவேண்டியதெல்லாம் பேசியாயிற்று. விளையாட்டுக்காரருக்கு மட்டும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. வன்னி மண்ணிலிருந்து சொந்தப் பெயரில் ஒரு கூடைப்பந்தாட்ட அணி இறங்கலாம், சரி. அது யாரோடு ஆடுவது?

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நாட்டின் எல்லா அணிகளும் ஓரிடத்தில் கூடி, சில நாட்களில் ஆடி முடித்துவிட்டுக் கலையும். பேராதனை, மொறட்டுவை, கொழும்பு போன்ற பழம்பெரும் அணிகளிடம் புதிய அணி ஒன்று இரண்டு ஆட்டம் தோற்றால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். அந்த வருடத்துக் கூடைப்பந்து அத்தோடு சரி. தோற்ற அணிக்கு அடுத்த வாரமே இன்னொரு ஆட்டம் கிடைத்தால்தான் அது தேறும். அதற்கு அக்கம்பக்கத்தாரோடு ஒரு லீக் வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகள் இப்படித்தான் பிரதேச லீக்குகளாகச் சேர்ந்து ஆடின. பிறகு தொலைக்காட்சிப் பணம் வந்தது. 1915இல் தொடங்கிய மேற்குக்கரை லீக்கின் வாரிசான பக்-12இலிருந்து பன்னிரண்டில் பத்துப் பல்கலைக்கழகங்கள் வெளியேறின. 2024இல் ஒறிகன் ஸ்டேட், வொஷிங்டன் ஸ்டேட் இரண்டும்தான் மிஞ்சின. லொஸ் ஏஞ்சலிஸின் யூ.சி.எல்.ஏ.யும் நியூ ஜேர்சியின் ரட்கர்ஸும் இப்போது ஒரே லீக். இடையில் ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர். பசிபிக் கரையிலுள்ள ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் ஆடுவது ‘அத்லாந்திக் கரை’ லீக்கில்! பணம் இருக்கிறது, பறக்கிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. 2013இல் ஏழு கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள், பெரிய அமெரிக்கக் காற்பந்துப் பணத்தின் பின்னால் ஓடாமல், பிக் ஈஸ்ட் என்ற பெயரைத் தம்மோடு வைத்துக்கொண்டு, பட்லர், கிரேற்றன், சேவியர் ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொண்டன. 2020இல் கனெக்டிகட் திரும்பி வந்தது. 2016, 2018, 2023, 2024 ஆகிய நான்கு ஆண்டுகளில் தேசியக் கிண்ணம் இந்த லீக்குக்குத்தான் வந்தது. கூடைப்பந்தையே முதலாவதாக நினைப்பவர்களை மட்டும் சேர்த்ததன் பலன் அது.

நமக்கு விமானமும் இல்லை, தொலைக்காட்சிப் பணமும் இல்லை. ஒரு வீதி இருக்கிறது. கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடியும் 321 கிலோமீற்றர் ஏ9. யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி சுமார் 65, அங்கிருந்து வவுனியா சுமார் 75, வவுனியாவிலிருந்து மிகிந்தலை சுமார் 50. காலையில் பஸ் ஏறி, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் சுருளோடு மறுபடி ஏறி, பின்னேரம் ஆடி, இரவே விடுதிக்குத் திரும்பிவிடலாம். ஓர் அணியைச் சேர்ப்பதா விடுவதா என்பதற்கு நான் வைக்கும் முதல் அளவுகோல் இதுதான்: அன்றே போய் அன்றே திரும்ப முடியுமா?

அந்தக் கணக்கில் நான்கு அணிகள் தாமாகவே வந்து நிற்கின்றன. யாழ்ப்பாணம், வவுனியா பற்றிக் கேள்வியில்லை. மூன்றாவது மிகிந்தலையிலுள்ள ரஜரட்டப் பல்கலைக்கழகம். வவுனியாவுக்கு யாழ்ப்பாணத்தை விட மிகிந்தலைதான் கிட்ட. தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் மாதம் ஒருமுறை ஒரே தளத்தில் வியர்வை சிந்துவதற்கு நல்லிணக்கக் கருத்தரங்கு எதுவும் ஈடாகாது.

நான்காவதில் சிலர் முகம் சுளிப்பார்கள். கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள். தேசியப் போட்டியில் அவர்கள் யாழ்ப்பாணத்துக்காகத்தான் ஆடவேண்டும், அதில் மாற்றம் கேட்கவில்லை. ஆனால் இந்த லீக்கில் அறிவியல்நகருக்குத் தனி அணி வேண்டும். ஆய்வுகூடம் முடிந்து நான்கரை மணிக்கு வெளியே வரும் பிள்ளை பயிற்சிக்காக 65 கிலோமீற்றர் தள்ளி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலிக்குப் போய்வருமா? போகாது. அங்கே அணி இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை பந்தையே விட்டுவிடும்.

ஐந்தாவதாகக் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சொல்வார்கள். வந்தாறுமூலை அருமையான இடம்தான், ஆனால் போய்வர ஒரு நாள் போதாது. பேராதனை ஏ9இன் தென்முனைக்கு அருகில்தான் இருக்கிறது, பெயரும் பெரிது. அந்தப் பெயருக்காகச் சேர்த்தால் மற்ற எல்லோரும் ஐம்பது புள்ளியால் தோற்பதைத்தான் பார்க்கவேண்டி வரும். நிலாவெளி கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தை இரண்டாம் வருடத்துக்கு யோசிக்கலாம்.

என் ஐந்தாவது அணி பல்கலைக்கழகமே அல்ல. வவுனியா பூந்தோட்டத்திலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரி. தராதரம் குறையும் என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அங்கே படிப்பவர்கள் இரண்டு வருடம் கல்லூரியிலேயே தங்கிப் படித்து, மூன்றாம் வருடம் பாடசாலைகளில் கட்டுறுப்பயிலுநராக இருந்து, பிறகு ஆசிரியராகிறார்கள். தங்கியிருப்பதால் பின்னேரப் பயிற்சிக்கு ஆள் குறையாது. பொறியியலாளராகும் வீரர் கொழும்புக்கோ கட்டாருக்கோ போய்விடுவார். ஆசிரியராகும் வீராங்கனை நெடுங்கேணிக்கோ துணுக்காய்க்கோ நியமனம் பெற்று, அங்கே ஒரு வளையம் பூட்டுவார்.

வன்னிப் பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து புதிதல்ல. அந்த வளையமும் கூடைப்பந்து வளையமும் ஒரே உயரம், 3.05 மீற்றர். வலைப்பந்தில் வளையத்துக்குப் பின்னால் பலகை இல்லை. சுத்தமாக எறிந்தால்தான் விழும். அந்தக் கைக்குப் பலகையையும் கொடுத்தால் வேலை இன்னும் சுலபம். புதிதாகப் பழகவேண்டியது பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதைத்தான். ஆகவே ஒரு கட்டாய விதி: ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் ஒரே பஸ்ஸில் வரவேண்டும். பெண்கள் அணி இல்லாத நிறுவனத்துக்கு இடமில்லை.

ஆறாவது, அறிவியல்நகரிலேயே இருக்கும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம். பன்னிரண்டு பேர் திரளாவிட்டாலும் பரவாயில்லை, மூவர் ஆட்டத்தில் இறங்கட்டும். மாற்றாளோடு நால்வர் போதும், அரைத் தளம் போதும், பத்து நிமிடம் அல்லது 21 புள்ளி. ஒலிம்பிக்கிலேயே ஆடும் ஆட்டம் அது.

முல்லைத்தீவில் பல்கலைக்கழகப் பீடம் எதுவும் இல்லை. அந்த மாவட்டத்தை வெறும் பார்வையாளராக விடக்கூடாது. மூவர் ஆட்டச் சுற்று ஒன்றை ஒவ்வொரு வருடமும் முள்ளியவளையிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு பாடசாலை வளவில் நடத்தலாம். அதற்காகப் போடும் கொங்கிறீற் அரைத் தளம் பாடசாலைக்கே நிற்கும்.

உண்மையான தலையிடி நாட்காட்டிதான். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒவ்வொரு பரீட்சைக் காலம். கொரோனாவுக்குப் பிறகு மாணவர் தொகுதிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. 2024இல் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து மாரி மழை, திறந்த தளத்தில் ஆட முடியாது. பெப்ரவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை பத்துச் சனிக்கிழமைகளை ஒதுக்கினால் போதும். பஸ் பல்கலைக்கழகத்துடையது, டீசலும் சாரதியின் மேலதிக நேரக் கொடுப்பனவும்தான் செலவு. மின்விளக்கு, பெரிய மேடை, பிரதம அதிதி, பொன்னாடை ஒன்றும் வேண்டாம். வன்னியில் எத்தனையோ நல்ல சுற்றுப்போட்டிகளை இந்தப் பொன்னாடைச் செலவு விழுங்கியிருக்கிறது.

யாழ்ப்பாணத்துக்கு இந்த லீக் ஓர் உபரி ஆட்டம். வவுனியாவுக்கும் அறிவியல்நகருக்கும் அதுதான் ஆட்டமே. ஆகவே முதல் அழைப்பு பம்பைமடுவிலிருந்து போகட்டும். வவுனியாப் பல்கலைக்கழக உடற்கல்வி அலகு ஐந்து கடிதங்கள் எழுதவேண்டும்: திருநெல்வேலிக்கு ஒன்று, மிகிந்தலைக்கு ஒன்று, பூந்தோட்டத்துக்கு ஒன்று, அறிவியல்நகருக்கு இரண்டு.