டெங்கு டெஸ்ட்: காய்ச்சல் எத்தனையாவது நாள்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் லேப் வாசல்களில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. வருகிறவர்கள் கேட்பது ‘டெங்கு டெஸ்ட்’. அந்த ஒரு பெயருக்குள் வெவ்வேறு பரிசோதனைகள் இருக்கின்றன. யாருக்கு எது என்பதைக் காய்ச்சல் தொடங்கிய நாள்தான் முடிவு செய்கிறது.

வைரஸ் புகுந்த செல்கள் என்.எஸ்.1 என்ற புரதத்தை ரத்தத்தில் வெளியிடுகின்றன. காய்ச்சலின் முதல் நாளிலேயே அதைக் கண்டுபிடிக்கலாம். முதல் 5 நாட்கள் அதைத் தேடுவதற்கு ஏற்ற காலம். பிறகு அது குறைய, உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் கூடுகின்றன. ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் நான்காம், ஐந்தாம் நாள் வாக்கில் தெரியவரும். இரண்டு மூன்று மாதம்கூட ரத்தத்தில் இருக்கும். ஐ.ஜி.ஜி. பல ஆண்டுகள் தங்கிவிடுவதால், அது மட்டும் இருந்தால் இப்போதைய காய்ச்சல் டெங்குதான் என்று சொல்ல முடியாது.

இரண்டாம் நாளில் ஐ.ஜி.எம். மட்டும் பார்த்து ‘நெகட்டிவ்’ என்று வந்தால் அதை நம்பி நிம்மதி அடைய வேண்டாம். எட்டாம் நாளில் பார்க்கும் என்.எஸ்.1-க்கும் இதே கதிதான். இன்னொரு சிக்கலும் உண்டு. டெங்கு வைரஸில் நான்கு வகைகள். ஒரு வகை வந்து போனவரை வேறொரு வகை தாக்கும்போது, பழைய எதிர்ப்பொருள்கள் என்.எஸ்.1 புரதத்தைப் பற்றிக்கொள்ள, பரிசோதனை அதைத் தவறவிட வாய்ப்பு கூடுகிறது. நோய் கடுமையாகும் ஆபத்து அதிகம் இருப்பதும் இந்த இரண்டாவது தொற்றில்தான். எனக்கு மிகவும் கவலை தருவது இதுவே.

கால் மணி, அரை மணி நேரத்தில் கோடு காட்டும் கார்டு டெஸ்ட் வேகமானது. ஆனாலும் எலிசா முறையையே கூடுதலாக நம்பலாம். 96 சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் அது நடக்கிறது. குழியின் அடியில் பூசியிருக்கும் பொருள் நோயாளியின் ஐ.ஜி.எம். எல்லாவற்றையும் பிடித்துவைக்கும். அதன்மேல் டெங்கு வைரஸின் புரதத்தை ஊற்றுவார்கள். பிடிபட்டவற்றில் டெங்குவுக்கான எதிர்ப்பொருள் இருந்தால் மட்டுமே அந்தப் புரதம் ஒட்டும். இல்லையேல் கழுவும்போது போய்விடும். ஒட்டியதைக் கண்டுகொள்ள நொதி இணைத்த இன்னொரு எதிர்ப்பொருளைச் சேர்ப்பார்கள். நொதி நிறமற்ற திரவத்தை நீலமாக்கும். அமிலம் விட்டு நிறுத்தினால் மஞ்சளாகும். அந்த மஞ்சளின் அடர்த்தியைக் கருவி அளந்து சொல்கிறது. நாடெங்கும் உள்ள அரசுக் கண்காணிப்பு மருத்துவமனைகளுக்கு இந்த ஐ.ஜி.எம். கிட்டுகளைத் தயாரித்துத் தருவது புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம்.

தட்டணு எண்ணிக்கையைப் பார்த்துப் பதறுகிறவர்கள் அதிகம். அது டெங்குவை உறுதி செய்யும் பரிசோதனை அல்ல. வேறு காய்ச்சல்களிலும் தட்டணு குறையும். ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகிறதா என்று காட்டும் ‘பி.சி.வி.’ அளவையும் மருத்துவர்கள் அதே அளவு கவனமாகப் பார்க்கிறார்கள். இந்தக் கசிவு பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தொடங்குகிறது.

வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், தொடங்கிய தேதியைக் குறித்துவைத்து மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக் கசிவு, அசதி இவற்றில் ஏதாவது தெரிந்தால், கையில் ‘நெகட்டிவ்’ ரிப்போர்ட் இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.