பத்திரிகையில் படம் வந்த பையன்

தலவாக்கலை பஸாரில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய சங்கதி. தோட்டத்து மைதானத்தில் சொப்ட்போல் சுற்றுப்போட்டி என்றால் ஜேர்சிக்கும் கிண்ணத்துக்கும் முதலில் நம்மிடம்தான் வருவார்கள். சில வருடங்களுக்கு முன் என் கடையில் நின்ற பையன் இறுதிப் போட்டியில் ஆட்ட நாயகனானான். பத்திரிகையில் படம் வந்தது. நானும் சந்தோசத்தில் அவன் படத்தைப் பெரிதாக அடித்து வாசலில் பெனர் கட்டினேன், கீழே கடையின் பெயரோடு. அடுத்த கிழமையே சீனி மூட்டை இறக்க அவனுக்குக் கை கூசியது. மூன்றாம் மாதம் வேலைக்கு வரவில்லை. அணியிலும் யாரோடும் ஒத்துப்போகவில்லையாம். தவறு அவனுடையது மட்டும்தானா என்பது வேறு கேள்வி.

தேசிய அணியிலும் பார்த்தோம். 2021 ஜூனில் இங்கிலாந்தின் டர்ஹமில், கொரோனாக் கட்டுப்பாட்டை மீறி இரவில் வெளியே போன குசல் மெண்டிஸ், நிரோஷன் திக்வெல்ல, தனுஷ்க குணதிலக்க மூவரையும் காட்டிக்கொடுத்தது தெருவில் யாரோ எடுத்த வீடியோ. ஒரு வருடத் தடை. 2022 ஜனவரியில்தான் நீங்கியது. தூக்கிவிட்ட அதே கமெராதான் இறக்கியும் விட்டது.

ஆனால் முத்தையா முரளிதரனைப் பாருங்கள். தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவரின் பேரன். கண்டியில் பிஸ்கட் தயாரித்தவரின் மகன். நம்மைப் போல வியாபாரக் குடும்பம். 1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்னில், பெரும் கூட்டத்தின் முன் நடுவர் டரல் ஹெயார் ஏழு முறை 'நோ போல்' என்றார். 2004இல் அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவார்டே அவர் பந்தை எறிகிறார் என்றார். முரளி கூச்சல் போடவில்லை. கையில் கவசம் மாட்டி, கமெரா முன்னால் வீசிக் காட்டினார்.

புகழின் உச்சியில் அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. 2010 ஜூலையில் கைவசம் 792 விக்கெட்டுகள். இந்தியாவுடன் மூன்று டெஸ்ட் இருந்தன. இருந்தும் காலியில் நடக்கும் முதலாவதோடு விலகுவதாக முன்கூட்டியே அறிவித்தார். எட்டு விக்கெட் கிடைக்காவிட்டால் 800 இல்லை. கடைசி நாளில், கடைசி விக்கெட்டாகப் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி 800ஐத் தொட்டார். கணக்கு மூடும் நாளைச் சொல்லிவிட்டு, அந்த நாளிலேயே மூடிய மனிதர்.

இம்முறை பையன்கள் பட்டியலோடு வந்தபோது காசு கொடுத்தேன். பெனரில் பதினொரு பேரின் படமும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்றேன். கடைப் பெயரைச் சின்னதாகப் போட்டாலும் பரவாயில்லை என்றும் சொன்னேன்.