உருகாத வெள்ளி

செஞ்சிக் கோட்டையின் கதை ஒரு புதையலில் தொடங்குகிறது. ஆடு மேய்க்கப் போன ஆனந்தக்கோன் மலைச்சரிவில் பெரும் பொருளைக் கண்டெடுத்தார், அதை வைத்து ஆள் சேர்த்தார், அக்கம்பக்கத்துச் சிற்றரசர்களை அடக்கினார், மலைமேல் கோட்டை கட்டினார் என்கிறது நாராயணப் பிள்ளை எழுதிய ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’. அந்தப் பொருள் யாருடையது, எந்தக் காலத்தது, எப்படி அங்கே வந்தது என்று கதை கேட்பதில்லை. கேட்டால் கதை நகராது. புதையல் என்ற சொல்லுக்கே இப்படியொரு சலுகை உண்டு. எடுத்தவன் கைக்கு வந்த நிமிடத்திலிருந்துதான் அதற்கு வயது கணக்காகிறது. கடலில் மூழ்கிய ஸ்பானியக் கப்பல்களைத் தேடி அலைபவர்களும் இந்தச் சலுகையைத்தான் கேட்கிறார்கள். மூழ்கிய கப்பலுக்கு அதைக் கொடுக்கக் கூடாது. அதற்கான சாட்சிகளில் பாதி செஞ்சிக்குக் கிழக்கே உள்ள கடலிலேயே இருக்கின்றன.

முதலில் அந்த வெள்ளியைப் பார்ப்போம். 16-ஆம் நூற்றாண்டிலிருந்து தென் அமெரிக்காவின் போட்டோசி மலையிலும் மெக்சிகோவிலும் வெட்டிய வெள்ளியை ஸ்பெயின் ‘எட்டு ரியால்’ நாணயமாக அடித்தது. ஒன்று ஏறத்தாழ 27 கிராம் எடை. கேலியன் எனப்படும் பெருங்கப்பல்கள் அட்லாண்டிக் வழியே அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயின. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகாபுல்கோவுக்கும் இடையே பசிபிக்கிலும் அவை ஓடின. வழியில் மூழ்கியவைதான் இன்று பேர்பெற்றவை. 1622-இல் புளோரிடா அருகே புயலில் மூழ்கிய ‘அட்டோச்சா’ ஒன்று. 1708 ஜூன் 8 அன்று, கொலம்பியாவின் கார்த்தஹேனா துறைமுகத்துக்கு அப்பால், ஆங்கிலேயருடன் நடந்த சண்டையில் சுமார் 600 பேரோடு மூழ்கிய ‘சான் ஹோசே’ இன்னொன்று. சான் ஹோசேயை 2015-இல் 600 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். மனிதர் மூழ்க முடியாத ஆழம் அது. தானியங்கி நீர்மூழ்கிக் கருவி எடுத்த படங்களில், வெண்கலப் பீரங்கிகளில் வார்த்திருந்த டால்பின் உருவங்கள்தான் கப்பலுக்கு அடையாளம் சொல்லின. உடனே கொலம்பிய அரசு, ஸ்பெயின், ஓர் அமெரிக்க நிறுவனம், அந்த வெள்ளியைத் தங்கள் முன்னோர்கள்தான் வெட்டினார்கள் என்று சொல்லும் பொலிவியாவின் கரா கரா பழங்குடியினர் என்று உரிமை கோரிப் பலர் வந்துவிட்டார்கள். இந்தப் பட்டியலில் சோழமண்டலக் கரையின் நெசவாளர்களையும் யாராவது சேர்த்தால் வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் கணக்கில் அவர்களும் வருவார்கள்.

செஞ்சி நாயக்கர்களின் ஆட்சி கொள்ளிடம் வரை கடலோரத்தையும் தொட்டிருந்தது. வெள்ளாற்று முகத்தில் கிருஷ்ணப்ப நாயக்கர் தன் பெயரில் ஒரு பட்டினம் எழுப்பியதை 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செஞ்சிக்கு வந்த பிமெந்தா பாதிரியார் குறித்திருக்கிறார். அதுதான் இன்றைய பரங்கிப்பேட்டை என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். தேவனாம்பட்டினத்தில் டச்சுக்காரர் கால் ஊன்றியதும் செஞ்சி நாயக்கரின் அனுமதியோடுதான். 1690-இல் செஞ்சியில் இருந்த மராட்டிய அரசர் ராஜாராம் தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலேயருக்கு விற்றார். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரை நிலம் என்று எல்லை பேசப்பட்டது. கடலூரை அடுத்த குண்டு உப்பலவாடியின் பெயரில் அந்தக் குண்டு இன்னும் இருக்கிறது. இத்தனை பேர் இந்தக் கரைக்கு வந்தது துணிக்காக. பரங்கிப்பேட்டையிலும் சென்னையிலும் ஏற்றிய துணி மணிலாவுக்குப் போனது. திரும்பிய கப்பல்கள் அமெரிக்க வெள்ளியைக் கொண்டுவந்தன. ஐரோப்பா வழியாகவும் அதே வெள்ளி வந்தது. பிரெஞ்சுக் கம்பெனி காடிஸ் துறைமுகத்தில் வாங்கிய ரியால்களைப் பெட்டி பெட்டியாகப் புதுச்சேரியில் இறக்கியது. 1736-இல் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி நாணயம் அடிக்க உரிமை கொடுத்தபின், அந்த ரியால்கள் புதுச்சேரியிலேயே உருக்கப்பட்டு ரூபாயாக மாறின. அதே ஆண்டில்தான் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பை எழுதத் தொடங்கினார். செஞ்சியிலிருந்து அந்த உலைக்களம் 70 கிலோமீட்டர்கூட இல்லை.

பத்திரமாகக் கரை சேர்ந்த வெள்ளி உலையில் உருகித் தன் பிறப்பை இழந்தது. அதைக் கொடுத்து வாங்கிய துணியோ கட்டிக் கிழிந்து போனது. உலகத்தின் இரு முனைகளைச் சேர்த்த வணிகத்தில், ஒழுங்காக நடந்த பகுதி கணக்கேடுகளில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. பொருளாகவே மிஞ்சியது வழி தவறியதும் மூழ்கியதும்தான். கடலடியில் கிடக்கும் வெள்ளி உருகாத வெள்ளி. யார் எதில் கட்டினார்கள், எதன் பக்கத்தில் அடுக்கினார்கள், எந்த நிலையில் கைமாற இருந்தது என்பதெல்லாம் அதோடு அப்படியே நின்றுபோயிருக்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் இலங்கையில் கிடைத்தது. தீவின் தென்கிழக்கே, உள்ளூரில் மகா ராவணா கோட்டை என்று சொல்லப்படும் கிரேட் பாசஸ் பாறைத் திட்டில், 1961-இல் திரைப்படம் எடுக்க மூழ்கிய மைக் வில்சனும் அவரோடு போன இரண்டு சிறுவர்களும் வெள்ளி நாணயங்களைக் கண்டார்கள். வில்சனின் கூட்டாளி அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். நாணயங்கள் சூரத்தில் அடித்த அவுரங்கசீப் ரூபாய்கள், ஹிஜ்ரி 1113, அதாவது 1702-ஐ ஒட்டியவை. எல்லாம் புதுக்கருக்கு அழியாதவை. அவை உதிரியாக மட்டும் கிடக்கவில்லை, கட்டிகளாகவும் கிடந்தன. ஒவ்வொரு கட்டியிலும் ஆயிரம் நாணயம் அளவில் ஒட்டிப் பிடித்திருந்தன. வெள்ளி கடல்நீரில் மெல்ல அரிக்கப்பட்டுக் கறுத்த உப்புகளாக மாறுகிறது. வெளிப்புற நாணயங்கள் இப்படித் தங்களைத் தின்னக் கொடுத்து, ஒன்றோடொன்று பசைபோல் ஒட்டிக்கொள்கின்றன. உள்ளே இருப்பவை அப்படியே தப்பிக்கின்றன. அருகில் இரும்பு இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு உலோகங்களும் உப்புநீரில் மின்கலம்போல் வேலை செய்ய, இரும்பு கரைந்து வெள்ளியைக் காக்கிறது. நாணயம் கட்டிய பை எப்போதோ மக்கிவிட்டது. ஆனால் கட்டி அந்தப் பையின் வடிவத்திலேயே நிற்கிறது, வாயைச் சுருக்கிக் கட்டிய இடம் வரை ஊகிக்கலாம். ஒரு பைக்கு ஆயிரம் என்று எண்ணிக் கட்டும் வழக்கம், நாணயச்சாலையிலிருந்து நேரே கப்பலுக்கு வந்த பணம், ஒருவர் கையும் படாத முழுத்தொகை என்று மூன்று சங்கதிகளை அந்தக் கட்டி சொல்கிறது. சூரத்துக்கு வந்து ரூபாயான வெள்ளியிலும் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து புறப்பட்டதுதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். விற்பதற்காக அந்தக் கட்டியை உடைத்துப் பிரித்தால் ஆயிரம் நாணயம் கிடைக்கும், பை போய்விடும்.

புதையல் வேட்டையின் முறையே உடைப்பதுதான். அட்டோச்சாவைத் தேடிய மெல் ஃபிஷர் படகின் பின்புறத்தில் முழங்கை போல வளைந்த பெரிய குழாய்களைப் பொருத்தினார். படகை நங்கூரமிட்டு எஞ்சினை ஓட்டினால், சுழலி தள்ளும் நீர் குழாய் வழியே நேரே கீழே பாய்ந்து மணலில் பெரும் குழி பறிக்கும். நாணயம் கனமானது, தங்கிவிடும். கயிறும் விதையும் எலும்பும் துணித்துண்டும் மரச்சீவலும் மணலோடு போய்விடும். 1985 ஜூலை 20 அன்று அவர் வெள்ளிக் குவியலை எட்டினார். அதற்குச் சரியாகப் பத்து ஆண்டுகளுக்கு முன், அதே நாளில், தேடல் படகு கவிழ்ந்து அவர் மகனும் மருமகளும் இறந்திருந்தார்கள். அந்தப் பிடிவாதத்தைப் பார்த்து வியக்காமல் இருக்க முடியாது. ஆனால் வியப்பு வேறு, முறை வேறு. மாறாக, 1740-இல் ஜாவாவுக்குப் புறப்பட்டு இங்கிலாந்துக் கரையோரம் மூழ்கிய ‘ரோஸ்வைக்’ என்ற டச்சுக் கப்பலை 2017-இல் ஆய்வாளர்கள் நிதானமாக அகழ்ந்தபோது துளையிட்ட நாணயங்கள் கிடைத்தன. ஏலக்காரர் கண்ணில் துளையிட்ட நாணயம் மதிப்புக் குறைந்தது. ஆய்வாளர்களோ அவை துணியில் தைத்து ஒளித்துக் கொண்டுபோனவை என்று கண்டார்கள். டச்சுக் கம்பெனியின் கணக்கேட்டில் ஏறாத, மாலுமிகளின் சொந்த வெள்ளி. ஆசியாவுக்கு வந்த வெள்ளி எவ்வளவு என்று ஏட்டை மட்டும் பார்த்துச் சொல்பவர்களின் கணக்கு இடிவது இப்படிப்பட்ட துளையில்தான்.

வேட்டைக்காரர்கள் இல்லையென்றால் இவற்றை யார் கண்டுபிடிப்பார்கள் என்ற கேள்வி நியாயமானது. சில இடங்களில் அவர்கள்தான் முதலில் போனார்கள். ஆனால் அட்டோச்சாவையே எடுத்துக்கொண்டால், ஃபிஷர் முதலில் தவறான தீவுகளைச் சுற்றித்தான் தேடிக்கொண்டிருந்தார். இடத்தை மாற்றச் சொன்னவர், செவில் நகர ஆவணக்காப்பகத்தில் பழைய கையெழுத்தைப் படித்த வரலாற்று ஆய்வாளர் யூஜீன் லயன். இந்துமாக்கடலில் அறியப்பட்டவற்றில் மிகப் பழைய கப்பல் சிதைவு, 2000 ஆண்டுகளுக்கும் மேலான வயதுடையது, இலங்கையின் கொடவாயாவில் சங்கு குளித்தவர்கள் கண்டு சொன்னது. அதில் தங்கம் இல்லை. கண்ணாடிக் கட்டிகளும் உலோகமும் கருப்பு சிவப்புப் பானைகளும் இருந்தன. வேட்டைக்காரர் வெள்ளி இருக்கும் கப்பலை மட்டும்தான் தேடுவார் என்பது இன்னும் பெரிய குறை. 1749 ஏப்ரலில் தேவனாம்பட்டினத்துக்கு அருகே புயலில் ஆங்கிலேய அட்மிரல் பாஸ்கவனின் கொடிக்கப்பல் ‘நாமூர்’ 520 பேரோடு போனது. அட்மிரல் அப்போது கரையில் இருந்தார். ‘பெம்புரோக்’ கப்பலும் போனது, அதில் 330 பேர். 1761 புத்தாண்டு நாளில், முற்றுகையிலிருந்த புதுச்சேரிக்கு எதிரே நின்ற ஆங்கிலேயக் கப்பல்களில் பல ஒரே புயலில் அழிந்தன. இருந்தும் அந்த மாதமே புதுச்சேரி விழுந்தது, ஏப்ரலில் செஞ்சியும் விழுந்தது. கர்நாடகப் போர்களைப் புரிந்துகொள்ள இந்தக் கப்பல்கள் ஒரு நூலகம். புதையல் தேடுபவருக்கு அவை வெறும் இரும்பும் எலும்பும்.

விட்டுவைத்தால் அழிந்துதானே போகும் என்பது அடுத்த வாதம். ஆழத்தில், மணலுக்கடியில், உயிர்வளி எட்டாத இடத்தில் மரம் நூற்றாண்டுகள் தாங்கும். தோண்டித் திறந்துவிட்டால்தான் மரத்தைத் துளைக்கும் உயிர்கள் வந்து சேரும். கடலில் ஊறிய இரும்பைக் கரையேற்றி உலரவிட்டால், உள்ளே இருக்கும் உப்பு அதைப் பொருக்குப் பொருக்காக உதிர்த்துவிடும். ஒரு பீரங்கியின் உப்பை நீக்கவே ஆண்டுக்கணக்கில் மின்பகுப்புத் தொட்டியில் வைக்க வேண்டியிருக்கிறது. இருந்தாலும் இந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ள முடியாது. நம் கரையில் இழுவைமடிப் படகுகள் கடலடியை வாரிக்கொண்டு போகின்றன. 2004 ஆழிப்பேரலை இலங்கையின் காலித் துறைமுகத்தில் இருந்த கடலடித் தொல்லியல் பிரிவின் ஆய்வுக்கூடத்தையே அடித்துச் சென்றது. 1659-இல் பாக்கு ஏற்றும் வேளையில் காலியில் மூழ்கிய ‘ஆவண்ட்ஸ்டர்’ கப்பலிலிருந்து எடுத்த பொருள்கள் அங்கேதான் இருந்தன. எனவே சும்மா விட்டுவிடு என்பது மட்டும் பதிலாகாது. எங்கே என்ன இருக்கிறது என்று அளந்து வரைந்து வைப்பது முதல் வேலை. அதற்கு ஒலியலைக் கருவியும் காந்தமானியும் வேண்டும், பிறகு எந்த இடத்தில் மடி மாட்டிக் கிழியும் என்று தெரிந்த மீனவரும் வேண்டும்.

செலவுக்கு எங்கே போவது, பாதியை விற்று மீதியை ஆராயலாமே என்பார்கள். அப்படி விற்றவர்களின் கணக்கும் அவ்வளவு லாபமாக இல்லை. 1804-இல் போர்ச்சுகலுக்குத் தெற்கே வெடித்து மூழ்கிய ‘மெர்செதெஸ்’ என்ற ஸ்பானியப் போர்க்கப்பலிலிருந்து ஓர் அமெரிக்க நிறுவனம் 2007-இல் ஏறக்குறைய 6 லட்சம் நாணயங்களை, 17 டன் எடை, அள்ளிக்கொண்டு போனது. வழக்கில் தோற்று 2012-இல் அத்தனையையும் ஸ்பெயினிடம் ஒப்படைத்தது. எடுத்த செலவும் போனது. அந்த நாணயங்கள் இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, ஆனால் எது எந்தப் பெட்டியில் எதன்மேல் கிடந்தது என்பதை எந்த நீதிமன்றமும் திருப்பித் தர முடியவில்லை.

நம் சட்டத்திலும் ஆனந்தக்கோன் காலத்து நினைப்பின் சாயல் இருக்கிறது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்துகிடக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எதையும் கண்டெடுத்தவர் கலெக்டரிடம் சொல்ல வேண்டும். செஞ்சியின் ராஜகிரி மலையில் குடம் கிடைத்தால் என்ன செய்வது என்பதற்கு அதில் விடை உண்டு. சட்டம் ‘மண்’ என்கிறது, கடலைப் பேசவில்லை. பூம்புகாருக்கு அப்பால், சுமார் 20 மீட்டர் ஆழத்தில், கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் தமிழகத் தொல்லியல் துறையும் ஆராய்ந்த ஒரு கப்பல் சிதைவில் ஈயப் பாளங்கள் கிடைத்தன. அவற்றில் ‘டபிள்யூ. பிளாக்கெட்’ என்ற முத்திரையும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் அழுந்தியிருக்கின்றன. பிளாக்கெட் குடும்பம் வட இங்கிலாந்தில் ஈயச் சுரங்கங்கள் நடத்தியது. முத்திரை ஒன்றே போதும், கப்பல் 1792-க்கு முன் மூழ்கியிருக்க முடியாது, சரக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். மைசூர்ப் போர்கள் நடந்துகொண்டிருந்த காலம் அது, துப்பாக்கிக் குண்டுக்கு ஈயம் தேவைப்பட்ட நேரம். இப்படியொரு பாளம் நாளை யாருடைய மடியிலாவது சிக்கினால், பழைய இரும்புக்கடைத் தராசில் அதற்குக் கிலோ கணக்கில் விலை உண்டு. உருக்கி வலைக்கு ஈயக்குண்டாக ஊற்றிக்கொள்ளவும் நல்ல சரக்கு. உருகும்போது முதலில் போவது அந்த நான்கு எண்கள்தான்.