கட்டாக்காலிகளுக்கு யார் காவல்?

திருகோணமலை பிரட்ரிக் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்களுக்கு ஆள் பயம் கிடையாது. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் நீட்டும் பழத்தைக் கையிலிருந்தே வாங்கித் தின்னும். இருட்டினால் வீதியோரங்களில் கட்டாக்காலி மாடுகள் படுத்து அசைபோடும். இப்படி நம்மை நம்பிக் கிடக்கும் ஒரு உயிரை யாராவது பாலியல் இச்சைக்குப் பயன்படுத்தினால் ஊர் என்ன செய்யும்? கேலிக்கதையாக்கும், இல்லாவிட்டால் சீச்சீ என்று பேச்சை மாற்றும். இரண்டிலும் அந்த உயிரின் வலி காணாமல் போய்விடுகிறது.

ஆய்வாளர்களும் நெடுங்காலம் மனிதனையே பார்த்தார்கள். 1886இல் மனநல மருத்துவர் கிராஃப்ட்-எபிங் விலங்குகளுடனான பாலுறவைப் பாலியல் பிறழ்வுகளோடு சேர்த்து எழுதினார். 1948இல் பாலியல் ஆய்வாளர் கின்சி, அமெரிக்க ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்கு இந்த அனுபவம் உண்டென்றார். 2011இல் தில்லி தடயவியல் மருத்துவர் அனில் அகர்வால் இத்தகையவர்களைப் பத்து வகையாகப் பிரித்தார். விலங்கின் பக்கம் நின்று கேள்வி கேட்டவர் குற்றவியலாளர் பியர்ஸ் பெர்ன். விலங்கு சம்மதிக்கவும் முடியாது, நடந்ததை வெளியே சொல்லவும் முடியாது. ஆகவே இதுவும் பாலியல் வன்முறையே என்று 1997இல் அவர் வாதிட்டார். எனக்கு அவர் சொல்வதே சரியாகப் படுகிறது.

நமது இலங்கைச் சட்டம் அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு, 'இயற்கை ஒழுங்குக்கு மாறான' உறவு என்று ஆண், பெண், விலங்கு மூன்றையும் ஒரே வரியில் அடைக்கிறது. மனமொத்த இருவரின் உறவும் வாயில்லாப் பிராணிக்கு இழைக்கும் கொடுமையும் எப்படி ஒன்றாகும்? இரு தரப்புக்கும் இது அநியாயம். விலங்கு வதையைத் தடுக்கவென 1907இல் வந்த கட்டளைச் சட்டமோ, உச்ச அபராதமாக 100 ரூபாவையே எழுதி வைத்தது.

இந்தியாவில் நடந்ததை நாம் கவனிக்க வேண்டும். 2018இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், நமது 365ஐ ஒத்த தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவிலிருந்து வயதுவந்தோரின் சம்மத உறவை விடுவித்தது. விலங்கு தொடர்பான பகுதியை விட்டுவைத்தது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான நியாய சங்கிதையில் அந்தப் பிரிவே இல்லை. விலங்குக்கு அது தந்த பாதுகாப்பும் அதோடு போயிற்று.

இலங்கையில் தன்பாலின உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அந்த மாற்றம் வரட்டும். வரும்போது, விலங்கு மீதான பாலியல் கொடுமை தனிக் குற்றமாக, விலங்கு நலச் சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட வேண்டும். மூதூரிலோ கிண்ணியாவிலோ காயத்தோடு ஒரு பசு வந்தால், கால்நடை வைத்தியர் உடனே மாதிரி எடுத்துப் பொலிஸுக்கு அறிவிப்பதைச் சட்டம் கடமையாக்க வேண்டும். நாள் கடந்தால் தடயம் அழிந்துவிடும்.