நாற்பதில் களிமண்ணைத் தொட்டார்... நூற்றைந்து வரை வாழ்ந்தார்!

'எனக்கு நாப்பது வயசாயிடுச்சு... இனிமே போய் என்னத்தைக் கத்துக்கறது?'

இப்படி அலுத்துக்கொள்பவரா நீங்கள்? அப்படியானால் இந்த டீ-பாட் கதையைக் கட்டாயம் படியுங்கள்!

நாற்பதை நெருங்கிக் கொண்டிருந்த ஓர் அமெரிக்கப் பெண்மணி, ஹாலந்து நாட்டுக்குப் போயிருந்தார். ஓமென் என்ற ஊரில் ஜே.கிருஷ்ணமூர்த்தியின் சொற்பொழிவுகளைக் கேட்பதற்காகத்தான் பயணம். போன இடத்தில், ஒரு பழம்பொருள் கடையில் ஆறு தட்டுகள் கண்ணில் பட்டன. உலோகம் போலத் தகதகவென்று மின்னும் பீங்கான் தட்டுகள்! ஆசை ஆசையாக வாங்கி வந்தார்.

அந்தத் தட்டுகளுக்கு ஜோடியாக ஒரு டீ-பாட் வேண்டும் என்று ஊரெல்லாம் தேடினார். கிடைக்கவே இல்லை. 'கிடைக்காட்டி என்ன, நாமே செஞ்சுட்டாப் போச்சு' என்று முடிவு கட்டினார்.

1933-ல், ஹாலிவுட் உயர்நிலைப் பள்ளியில் பெரியவர்களுக்காக நடந்த களிமண் வகுப்பில் போய்ச் சேர்ந்தார். அவர் பெயர் பியாட்ரிஸ் வுட். அப்போது வயது 40!

உடைந்துபோன வாழ்க்கை

பணத்துக்குக் குறைவில்லாத குடும்பத்தில் 1893-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர் பியாட்ரிஸ். அம்மா ரொம்பக் கண்டிப்பு. மகளுக்கோ ஓவியம், நாடகம் என்று கனவு. பாரிஸுக்குப் போய்ப் படித்தார். 1914-ல் முதல் உலகப் போர் வந்ததும் நாடு திரும்பினார். நியூயார்க்கில் நாடகங்களில் நடித்தார். மார்செல் டுஷாம்ப் போன்ற புரட்சி ஓவியர்கள் நண்பர்களானார்கள். 1917-ல் அவர்களோடு சேர்ந்து பத்திரிகைகூட நடத்தினார்.

ஆனால், சொந்த வாழ்க்கை? நம்பிக் கைப்பிடித்தவருக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தது தெரியவந்து, அந்தத் திருமணம் செல்லாமல் போனது. காதலிலும் ஏமாற்றம். பணமும் கரைந்தது. மனசுக்கு ஆறுதல் தேடித்தான் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். கிருஷ்ணமூர்த்தியின் பேச்சுகளைத் தேடிப் போனதும் அப்படித்தான்.

இந்த நிலையில்தான் களிமண் கைக்கு வந்தது.

திறமை இல்லை... விடாப்பிடி உண்டு!

'டீ-பாட்தானே, சட்டுனு செஞ்சுடலாம்' என்று நினைத்தவருக்கு, மண் நல்ல பாடம் கற்பித்தது. எல்லாம் கோணல்மாணல்! 'நான் பிறவிக் கலைஞி இல்லை, உழைத்து உழைத்துத்தான் கற்றுக்கொண்டேன்' என்று பிற்காலத்தில் அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

சக்கரத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். மண் உருண்டையைச் சுழலும் சக்கரத்தின் நட்டநடுவில் நிறுத்துவதுதான் முதல் பாடம். கொஞ்சம் விலகினாலும் ஆடும். பதற்றத்தோடு அழுத்தினால் இன்னும் அதிகமாக ஆடும். முழங்கையை ஊன்றி, மூச்சைச் சீராக விட்டு, பொறுமையாகப் பிடித்தால்தான் அடங்கும்.

ஒருவழியாகக் கை பழகி, ஹாலிவுட்டில் சின்னக் கடை போட்டார். அடுத்த அடி விழுந்தது. 1938 மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸ் பெருவெள்ளம்! ஆற்றோரம் இருந்த அவர் வீடு போய்விட்டது. அப்போது 45 வயது.

மூலையில் உட்கார்ந்து அழுதாரா? இல்லை. மறுபடி மாணவியானார்! ஹிட்லரின் பிடியிலிருந்து தப்பி ஆஸ்திரியாவிலிருந்து வந்திருந்த கெர்ட்ரூட் - ஓட்டோ நாட்ஸ்லர் தம்பதியிடம் தொழில் நுணுக்கம் படித்தார். மனைவி வனைவதில் கெட்டிக்காரர். கணவர் மெருகுக் கலவையில் மன்னர்.

சூளைக்குள் ஒரு ரகசியம்

பியாட்ரிஸுக்குப் புகழ் தேடித்தந்தது அந்தத் தகதகப்புதான். வழக்கமாக, மெருகு பூசிச் சுட்ட பாத்திரத்தின்மேல் மெல்லிய உலோகப் பூச்சு கொடுத்து, திரும்பவும் ஒருமுறை சுடுவார்கள். இவரோ மெருகுக்குள்ளேயே உலோக உப்புகளைக் கலந்தார். சூளை சூடேறிய பிறகு உள்ளே பிராணவாயு குறையும்படி செய்தால், உலோகம் மேலே வந்து பொன்னாகவும் நீலமாகவும் ஜொலிக்கும்.

ஆனால், ஜொலிக்கும் என்று உத்தரவாதம் கிடையாது! கொஞ்சம் ஏறக்குறைய இருந்தால் கறுத்துவிடும். சூளை ஆறும்வரை காத்திருந்து, திறந்தால்தான் தெரியும்.

புடவை கட்டிய டீச்சர்

1948-ல் கலிஃபோர்னியாவின் ஓஹாய் பள்ளத்தாக்கில் குடியேறினார். அங்கே ஹேப்பி வேலி பள்ளியில் மாணவர்களுக்குக் களிமண் வகுப்பும் எடுத்தார். நாற்பது வயதில் கோணல் பாத்திரம் செய்தவர், இப்போது பிள்ளைகளுக்கு டீச்சர்!

இதில் நம்ம சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அடையாறு பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த அன்னி பெசன்ட், 1927-ல் வாங்கிய நிலம்தான் அந்த ஹேப்பி வேலி. 1974-ல், 81 வயதில், அதே நிலத்தில் பியாட்ரிஸ் புது வீடும் பட்டறையும் அமைத்துக்கொண்டார். அவர் வாழ்ந்த அந்த இடம் பிற்பாடு கலை மையமாகிவிட்டது.

1961-ல் இந்தியா வந்து பல ஊர்களில் தன் பாத்திரங்களைக் காட்சிக்கு வைத்தார். அதன்பிறகு இன்னும் இரண்டு முறை வந்தார். நம்ம ஊர்ப் புடவையும் வெள்ளி நகைகளும் அப்படிப் பிடித்துப்போயின. கடைசிவரை புடவைதான்! சக்கரத்தில் உட்காரும்போதும் அதே கோலம்தான்.

சாக்லெட்டா காரணம்?

அவருடைய உழைப்பு உச்சத்தைத் தொட்டது எண்பதுக்கு மேல்தான். 1985-ல், 92 வயதில் சுயசரிதை வெளியிட்டார். 'டைட்டானிக்' படத்தில் வருகிற பாட்டி ரோஸை உருவாக்க, இவரைத்தான் ஓரளவு மனதில் வைத்திருந்ததாக இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் சொல்லியிருக்கிறார். நூறு வயதைத் தாண்டியும் வேலையை விடவில்லை. 105-வது பிறந்தநாள் கொண்டாடி ஒன்பதாவது நாள், 1998 மார்ச் 12-ல் மறைந்தார்.

'உங்கள் ஆயுள் ரகசியம் என்ன?' என்று கேட்டால், 'சாக்லெட்டும் இளைஞர்களும்' என்று குறும்பாகச் சொல்வாராம்! சைவ உணவு, சிகரெட், மது கிடையாது.

களிமண் பிசைந்தால் நூறு வயது நிச்சயம் என்று நாம் சொல்ல வரவில்லை. நீண்ட ஆயுளுக்கு எத்தனையோ காரணங்கள். ஆனால் ஒன்று. சூளை மூட்டியவருக்கு, 'நாளைக்குத் திறந்து பார்க்கணுமே' என்ற ஆவல் கட்டாயம் இருக்கும். அறுபத்தைந்து வருஷம் அந்த ஆவல் குறையாமல் வாழ்ந்தாரே, அதுதான் விஷயம்!

உங்களுக்கு அது களிமண்ணாக இருக்க வேண்டியதில்லை. வீணையோ, தையலோ, தோட்டமோ... நாளைக் காலையில் உங்களை எழுப்புகிற மாதிரி ஏதாவது ஒன்று இருக்கிறதா?

மண்ணைத் தொட ஆசையா? இதையும் கவனியுங்கள்!

* காய்ந்த களிமண் தூசியில் சிலிக்கா உண்டு. வருஷக்கணக்கில் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைப் பாதிக்கும். பட்டறையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

* மண் வேலை செய்யும் இடத்தில் சாப்பிட வேண்டாம். முடித்ததும் கையை நன்றாகக் கழுவுங்கள்.

* ஈயம் கலந்த மெருகு பூசிய பாத்திரத்தில் புளி, ஊறுகாய், தயிர் வைக்கக் கூடாது. புளிப்புப் பட்டால் ஈயம் உணவில் இறங்கும். என்ன மெருகு என்று தெரியாவிட்டால் அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

* சக்கரத்தில் ஒரேயடியாகக் குனிந்து உட்காராதீர்கள். அவ்வப்போது எழுந்து முதுகை நிமிர்த்துங்கள். முதுகுவலி, மணிக்கட்டு வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கலாம்.

* முதல் பாத்திரம் கோணலாகத்தான் வரும். தூக்கி எறியாதீர்கள்... அதில்தான் உங்கள் ஆரம்பம் இருக்கிறது!